சுடுவதற்கு முன் போட்ட கீறல்

ஜூன் 12, 2025. வியாழன்

காலையில் இரண்டு இட்லி. பழமலைநாதர் கோயில் வரைக்கும் நடந்து போய்த் திரும்பினேன். வழியில் மூன்று பேர் கும்பிட்டார்கள். யாரும் நிற்கவில்லை.

மதியம் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து, "மேஸ்திரி சாமிக்கண்ணு வூடு இதுதானுங்களா?" என்று கேட்டாள். நான் மேஸ்திரி வேலையை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அவள் பெயர் கயல்விழி. ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் பிறந்தவள். சென்னையில் போனிலேயே படிக்கிற ஒரு பத்திரிகைக்கு எழுதுகிறாளாம். சொர்ணாம்பாள்தான் என் வீட்டைக் காட்டி அனுப்பியிருக்கிறாள்.

விஷயம் சொர்ணாம்பாளின் மகன் அர்ச்சுனனைப் பற்றியது. நாற்பத்து நாலு வயசு. மூன்றாவது தடவையாகக் காசநோய் மாத்திரை தின்கிறான், மூச்சு திரும்பவில்லை. அவன் அப்பன் காத்தவராயன் இதே மாதிரி இருமித்தான் 2011-இல் செத்தான். எங்கள் பீங்கான் கம்பெனியில் கல் அரைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர்களில் ஒன்பது பேர் இப்படிச் செத்திருக்கிறார்கள். கம்பெனியோ, இவர்கள் யாரும் எங்கள் ஆட்களே இல்லை என்று அந்தக் காலத்திலேயே லேபர் ஆபீஸுக்கு எழுதிக்கொடுத்துவிட்டது. அவனும் அங்கே கல் மாவு சுவாசித்தவன் என்று ஒரு காகிதம் இருந்தால் டாக்டர்கள் அர்ச்சுனனின் நெஞ்சை வேறு கண்ணால் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் இதே மாத்திரைதான், அப்பனைப் போலத்தான்.

ஒன்பது பேரையும் ஒரே மூச்சில் சொன்னேன். காத்தவராயன் சேர்ந்தது தொண்ணூற்று இரண்டு, ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், பச்சைச் சட்டை போட்டிருந்தான் என்றும் சொன்னேன். அவள் வாய் பிளப்பாள் என்று பார்த்தேன். "இது எப்படித் தெரியும் அய்யா? பார்த்ததா, கேட்டதா, நினைச்சதா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது.

என் போனில் ஒரு பொத்தானைக் காட்டிவிட்டுப் போனாள். நான் பேசினால் அது எழுதிக்கொள்கிறது, கேட்டால் படித்தும் காட்டுகிறது. எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்திச் சொன்னால்தான் ஒழுங்காக எழுதுகிறது. நாற்பது வருஷம் கொட்டகையில் ரேடியோ கேட்டவன் நான், அந்தப் பேச்சு எனக்கு வரும்.

தினமும் தேதி, நேரம், கூட இருந்தவர் யார் என்று சொல்ல வேண்டும். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் அவளுக்கு அனுப்ப வேண்டும். "நினைச்சத எனக்கு அனுப்பாதீங்க. ஆனா தனியா எங்கயாவது சொல்லி வைங்க. சொல்லாம வச்சிருந்தா அது பார்த்ததோட கலந்துடும்" என்றாள்.

அந்தத் தனியிடம் இதுதான்.

ஜூன் 13, வெள்ளி

பேச ஒன்றும் இல்லை. பல்லி இரண்டு முறை சத்தம் போட்டது. பார்த்தது அல்ல, கேட்டது.

ஜூன் 17, செவ்வாய்

கயல்விழி லேபர் ஆபீஸுக்குத் தகவல் கேட்டு மனு எழுதினாள். என் பாயிலேயே உட்கார்ந்து எழுதி, பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டினாள். "ஏன் இப்படிப் பண்ணாங்கன்னு கேளு பாப்பா" என்றேன். ஏன் என்று கேட்டால் அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லையாம். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை உங்களிடம் இருக்கிற காகிதத்தின் நகலைக் கொடுங்கள் என்றுதான் கேட்க வேண்டுமாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

இன்னொன்றும் சொன்னாள். சொர்ணாம்பாளை அவள் தனியாக விசாரித்து முடிக்கும்வரை நான் அவளோடு பேசக் கூடாது. இரண்டு பேரும் பேசிவிட்டால் இரண்டு ஞாபகமும் ஒன்றாகிவிடும், அப்புறம் அது ஒரு சாட்சிதான் என்றாள்.

சரி என்றேன். சரி என்றது எவ்வளவு பெரிய சரி என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சொர்ணாம்பாள் ரயில் ஜங்ஷன் வாசலில் வேகவைத்த கடலை விற்கிறாள். சாயந்தரம் ஐந்து மணிக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்குவேன். "என்னா மேஸ்திரி அண்ணே, சோறு ஆக்குனியா?" என்பாள். அப்புறம் ஐந்து நிமிஷம் பேசுவோம். என் மனைவி அம்புஜவல்லி போய்ச் சேர்ந்த பிறகு என் ஒரு நாளைய பேச்சு அந்த ஐந்து நிமிஷம்தான்.

எழுந்து போகும்போது கயல்விழி கேட்டாள். "அய்யா, நீங்க எப்பவாவது கம்பெனிக்காக ஏதாவது காகிதத்துல கைநாட்டு வச்சிருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

காலை ஏழு மணி. கம்பெனியின் பின்பக்கம். மதில் விழுந்து கிடக்கிறது. உடைசல் குவியல் அப்படியே இருக்கிறது, வேலிக்கருவை முளைத்து மறைத்திருக்கிறது. இடத்தை மனை போடப் போகிறார்களாம், ஜேசிபி வரும் என்று கேட்டது. அதனால் அவசரம்.

குவியலில் என்ன இருக்கிறது என்று கயல்விழியிடம் நேற்றுதான் சொன்னேன். எங்கள் கொட்டகையில் கரண்டுப் பெட்டிக்கான பீங்கான் பியூஸ் கட்டை அச்சுப் போடுகிற ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. யார் எத்தனை போட்டான் என்று தெரிய வேண்டுமே. வேலைக்குச் சேருகிற அன்றைக்கு ஒவ்வொருவனுக்கும் நான் ஓர் அடையாளம் கொடுப்பேன். ஈரமாக இருக்கும்போதே கட்டையின் அடியில் ஈர்க்குச்சியால் அதைக் கீற வேண்டும். காத்தவராயனுக்கு மீன். அர்ச்சுனனுக்கு அதே மீன், வால் மட்டும் இரட்டை. ஒருத்தனுக்கு ஏர், ஒருத்தனுக்கு மூன்று புள்ளி. அதே அடியில் ஆர்டர் வருஷத்தின் எண் அச்சிலேயே விழுந்திருக்கும். சூளையில் வெந்துவிட்டால் அழியாது.

அவள் முகம் மாறியது. "அய்யா, இத மொதல்லயே சொல்லலியே நீங்க!" என்றாள்.

நீ கேட்கவில்லையே என்றேன்.

படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் தூரத்திலிருந்து, கோபுரமும் தண்ணீர் டாங்கும் தெரிகிற மாதிரி. அப்போதுதான் இது எந்த இடம் என்று யாரும் மறுக்க முடியாது. பிறகு கிட்டே போய், எதையும் கையால் தொடுவதற்கு முன்னால். பிறகு பக்கத்தில் பத்து ரூபாய்க் காசு வைத்து, அளவு தெரிய. வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது, அனுப்பினால் படம் தன் பிறந்த நாளையும் பிறந்த இடத்தையும் மறந்துவிடும் என்றாள். அசல் என் போனிலேயே இருக்க வேண்டும். கம்பியைப் போட்டு அவள் எடுத்துக்கொள்வாள்.

முள் கிழித்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு மீனைக் கண்டுபிடித்தேன். 2006.

ஜூன் 24, செவ்வாய்

ஜங்ஷன் பக்கம் போகவில்லை. ஐந்து மணிக்குச் சட்டையைப் போட்டேன். கழற்றினேன்.

ஜூலை 2, புதன்

இன்று எனக்குப் பரீட்சை. ரயிலடிக்கு வெளியே புளியமரத்தடி பெஞ்சில் பத்து நாளாகக் குவியலில் பொறுக்கிய முப்பத்து நாலு உடைந்த கட்டை ஓடுகளைத் துணியில் பரப்பினாள். வருஷ எண்ணை எல்லாம் காகிதம் ஒட்டி மறைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, யாருடையது என்று கேட்டு, பக்கத்தில் போனை ஓடவிட்டாள்.

"என்னை நம்பலியா நீ?" என்றேன்.

"நான் நம்புறேன் அய்யா. நாளைக்குக் கம்பெனி வக்கீல் கேப்பாரு, அந்தக் கெழவனுக்கு எழுபத்தி நாலு வயசு, எப்படி நம்புனீங்கன்னு. அதுக்கு இப்பவே பதில் வேணும்."

சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது ஓட்டைக் கையில் வாங்கியதும் தடவிப் பார்த்துக் கீழே போட்டேன். "இது யாரோடதும் இல்ல. சுட்டதுக்கு அப்புறம் கீறுனது."

"எப்படிச் சொல்றீங்க?"

சுடுவதற்கு முன் போட்ட கீறலுக்குக் கரை வழுவழு என்று இருக்கும். வெந்த மண் வாயை மூடிக்கொள்ளும். சுட்ட பிறகு கீறினால் மாவு உதிரும், நகத்தில் ஒட்டும். அவள் முதல் முறையாகச் சிரித்தாள். நாலு ஓட்டை அவளே ஆணியால் கீறி உள்ளே கலந்திருக்கிறாள், திருட்டுக் கழுதை. நாலையும் ஒதுக்கிவிட்டேன்.

கல்லரைக்கும் கொட்டகையைப் பற்றியும் பேசினேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அச்சுப் போட்ட கட்டை காயாது. அந்த இரண்டு மாசமும் அச்சு ஆட்களை எல்லாம் கல்லரைக்க அனுப்புவோம். மாவு நனையக் கூடாது என்று கதவை, ஜன்னலை எல்லாம் சாத்திவிடுவோம். உள்ளே நிற்கிறவன் வெளியே வரும்போது புருவம் வெள்ளையாக இருக்கும். "அனுப்புவோம்னா, யார் அனுப்புனது?" என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

ஜூலை 9, புதன்

சொர்ணாம்பாளுக்கும் பரீட்சை முடிந்தது. காய்கிற களத்தில் தட்டுச் சுமந்தவள், அவளுக்கும் அடையாளம் எல்லாம் தெரியும். நிஜ ஓடு முப்பதில் இருபத்தெட்டு, நான் சொன்னதும் அவள் சொன்னதும் ஒன்று. இரண்டில் ஒத்துப்போகவில்லை.

ஐயோ, அந்த இரண்டால் கெட்டுப்போகுமா என்றேன். "முப்பதும் ஒத்துப்போயிருந்தாதான் சந்தேகப்பட்டிருப்பேன்" என்றாள் கயல்விழி.

மறைத்த காகிதத்தை உரித்தோம். 2003. 2006. 2008. 2009. கல்லரைப்பதை 1999-லேயே நிறுத்திவிட்டதாகவும், இந்த ஆட்களைக் கண்ணால்கூடக் கண்டதில்லை என்றும் கம்பெனி சொன்னதாம். இந்த வருஷங்களில் அச்சுப் போட்டவன் மழைக்குக் கல்லரைத்தவன்தான்.

ஜூலை 10, வியாழன்

மாலை ஐந்து மணி. ஜங்ஷன் வாசல். இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு.

"வந்துட்டாருய்யா பெரிய மனுசன்" என்றாள் சொர்ணாம்பாள். "நானும் பாக்குறேன், தெருவுக்கு அந்தாண்டயே திரும்பிப் போற. கடலை வாங்கறதுக்குக்கூடவா கோர்ட்டு உத்தரவு?"

அர்ச்சுனன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நெஞ்சு, துருத்தி மாதிரி. ஆனாலும் வாய் குறையவில்லை. "என்னா மேஸ்திரி... பத்திரிகைக்காரனா ஆயிட்டியாமே. என் போட்டோ போட்டா... நல்லா செவப்பா போடச் சொல்லு."

ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நான் இரண்டு முறை மூச்சு விட்டேன்.

அவள் பொட்டலத்தில் ஒரு பிடி அதிகம் போட்டாள். தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். கடைசி நாலு கடலையைத் தின்னாமல் பொட்டலத்தோடு மடித்து வைத்தேன். காரணம் எனக்குத் தெரியும். இதைக் கயல்விழிக்கும் அனுப்பப் போவதில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை.

ஜூலை 21, திங்கள்

தகவல் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. பதினாலு பக்கம். கயல்விழி வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்கவில்லை. பதினோராவது பக்கத்தை எடுத்துப் படித்தாள்.

"மேற்படி நபர்கள் எவரும் இந்நிறுவனத்தில் எக்காலத்தும் பணிபுரியவில்லை என்பதை, நிறுவனத்தின் மேஸ்திரியாகிய நான் அறிந்தவரையில் உறுதி கூறுகிறேன். சாமிக்கண்ணு, இடது கைப் பெருவிரல் ரேகை. தேதி பதினாலு ஒன்பது இரண்டாயிரத்துப் பதினொன்று."

காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். எழுத்து எனக்குப் புரியாது. கீழே கறுப்பாக ஒரு ரேகை. நடுவில் குறுக்கே ஒரு தழும்பு. அச்சு இயந்திரம் கடித்த தழும்பு. அது இப்போதும் என் விரலில் இருக்கிறது.

"நான் கேட்டேன் அய்யா. போன மாசம் பதினேழாந்தேதி. இல்லைன்னு சொன்னீங்க."

என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது என்றேன். "தெரியாதுங்கறது வேற அய்யா, வைக்கலைங்கறது வேற" என்றாள். ஓர் இடத்தில் பொய் என்றால் முப்பது ஓடும் பொய் என்று ஆக்கிவிடுவார்கள் என்றாள். கத்தவில்லை. காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

போன் அடிக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

போனில் சார்ஜ் இருக்கிறதா என்று ஐந்து முறை பார்த்தேன். இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

திருப்பூரிலிருந்து மகள் பெரியநாயகி பேசினாள். "சாப்டியாப்பா? மருந்து இருக்குதா? சரி வச்சுடட்டுமா?" நாற்பது வினாடி. அவளிடம் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் அம்மா சம்பந்தப்பட்ட கதை இது. சொல்லவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

தெரியாது என்றா சொன்னேன்? எனக்கா தெரியாது? காத்தவராயன் போட்டிருந்த சட்டையின் நிறம் தெரிகிறவனுக்கு இது தெரியாதா?

சொல்லிவிடுகிறேன். ரேடியோ பேச்சு இப்போ வரல. வந்த மாதிரி வரட்டும்.

அன்னிக்கிப் புதன்கிழமை. காலம்பற ஒம்போதரை. அம்புஜவல்லிக்கு வயித்துல ஆபரேசன்னு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும். கம்பெனி கார் குடுத்தாங்க. வாசல்ல கார் நிக்கிது, பின் சீட்டுல அவ படுத்திருக்கா, முனகுறது கேக்குது. மேனேஜர் என்னை உள்ள கூப்புட்டாரு. மேசையில காகிதம், மை டப்பா. கணக்கர் கேட்டாரு, "கல்லு ஷெட்டுல செத்தவங்களையும் சேத்தே இல்லைன்னு எழுதிடலாங்களா?" மேனேஜர், "மெதுவா பேசுய்யா, மேஸ்திரி நிக்கிறாரு"ன்னாரு. அப்புறம் என்னைப் பாத்து, "ஒண்ணும் இல்ல மேஸ்திரி, நீ எங்ககிட்ட வேலை பாக்கறதுக்கு ஒரு அத்தாட்சி. வைய்யி, கார் நிக்கிது பாரு."

காத்தவராயன் செத்து அப்போ மூணு மாசம். சொர்ணாம்பா ஆபீசுக்கு மனு போட்டுட்டு நடந்துக்கிட்டு இருக்கா. எனக்குத் தெரியும்.

படிச்சுக் காட்டுங்கன்னு ஒரு வார்த்தை. கேக்கல. ஏன் கேக்கல? கேட்டா படிச்சிருப்பாங்க. படிச்சா வைக்க முடியாது. வைக்கலைன்னா கார் போவாது.

வச்சேன்.

இத்தனை வருஷமா இதை நினைச்சதுன்னே ஒதுக்கி வச்சிருந்தேன். கெட்ட நினைப்பு, வருது போவுதுன்னு. இல்லை. இது நினைத்தது அல்ல. இது கேட்டது. என் இரண்டு காதால் கேட்டது.

மாலை நாலு மணிக்குக் கயல்விழிக்கு நானே போன் போட்டேன். முழுக்கச் சொன்னேன். அழுதால் ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இதுதான்: "கார் ஓட்டுனது யாரு? உயிரோட இருக்காரா? ஆஸ்பத்திரிச் சீட்டு வச்சிருக்கீங்களா?"

என் பாவத்துக்கும் இரண்டு சாட்சி கேட்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆஸ்பத்திரிச் சீட்டு அம்புஜவல்லியின் தகரப் பெட்டியில் இருந்தது. தேதி சரி. டிரைவர் கொளஞ்சிநாதன் வேப்பூர் ரோட்டோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். கயல்விழி அவனிடம் என் பெயரைச் சொல்லாமல், அந்த நாளைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறாள். "அம்மா வலியில கத்துறாங்க, மேஸ்திரிய உள்ள கூப்புட்டுப் பத்து நிமிசம் நிறுத்திட்டாங்க. வெளிய வரும்போது கட்டை விரலு கறுப்பா இருந்துச்சு. கார் சீட்டுல தொடைச்சாரு, நான் திட்டுனேன்" என்றானாம்.

கார் சீட்டில் துடைத்தது எனக்கு நினைவில் இல்லை. எனக்கே நினைவில் இல்லாத ஒன்று.

"பேரு போடலாமா அய்யா? போடாமலும் எழுதலாம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். பேரைப் போடு, விரலையும் போடு என்றேன். ஆனால் அச்சில் வருவதற்கு முன்னால் நான் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்றேன். சொர்ணாம்பாளின் விசாரணைதான் அப்போதே முடிந்துவிட்டதே, சொல்லுங்கள் என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை பத்து மணி. சொர்ணாம்பாள் வீடு. அர்ச்சுனன் கட்டிலில், மூக்கில் குழாய். ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முறத்தில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். "வா அண்ணே, குந்து" என்றாள்.

குந்தவில்லை. நின்றபடியே சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. நல்லது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம். நான் முடித்ததும் முறத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மனு போட்டுட்டு அந்த ஆபீசு வாசல்ல நான் எட்டு மாசம் நடந்தனே. தெனம் உங்கிட்டதான வந்து சொன்னேன், இன்னிக்கும் ஒண்ணும் நடக்கலைன்னு. அப்பயும் இந்த வெரலத்தான் வச்சிருந்தியா நீ?"

அந்த விரலை மடக்கிக்கொண்டேன்.

"வுடும்மா..." என்றான் அர்ச்சுனன். "அந்தக் காருல... நானா இருந்தாலும்..." இருமல் வந்துவிட்டது.

"நீ பேசாதடா. உனக்கு மூச்சு எண்ணிக் குடுத்திருக்கு." என் பக்கம் திரும்பவில்லை. "போங்க" என்றாள்.

முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் என்னை நீங்க என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 6, புதன்

எழுதுவதற்கு முன்னால் கம்பெனிக்காரர்களிடமும் பதில் கேட்க வேண்டுமாம். கயல்விழி கேள்விகளை அனுப்பி ஒரு வாரம் நேரம் கொடுத்திருக்கிறாள். எதிரிக்கு எதற்குச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும் என்றேன். எதிரி இல்லை அய்யா, எதிர்ப்பக்கம் என்றாள்.

அந்த எதிர்ப்பக்கம் இன்றைக்குக் காரில் வந்தது. முதலாளியின் மகன். கையில் ஆப்பிள் பை. "பெரியவரே, அப்பா காலத்து விசயம். உங்க கைநாட்டு எங்ககிட்ட இருக்குது. மாத்திச் சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்."

"அது எங்ககிட்டயும் வந்தாச்சு தம்பி, பழையது தீந்துபோச்சு, புதுசா இருந்தா சொல்லுங்க" என்றேன்.

ஆப்பிளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். பார்த்தது, கேட்டது, நேரம் எல்லாம் கயல்விழிக்கு அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வந்துவிட்டது. கயல்விழி எழுதியதைப் போன் படித்துக் காட்டியது, இருபத்தாறு நிமிஷம். முப்பது ஓடு, இருபத்தெட்டு, இரண்டு ஒத்துப்போகாதது, எல்லாம் இருந்தது. கம்பெனியின் மறுப்பும் இருந்தது, வெட்டாமல். என் விரலும் இருந்தது. "நான் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்கல" என்று நான் சொன்னதை அப்படியே போட்டிருந்தாள். என்னைத் திட்டியும் எழுதவில்லை, தூக்கியும் எழுதவில்லை.

டீக்கடையில் என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. முன்னேயும் காலியாகத்தான் இருக்கும். இன்றைக்கு வேண்டுமென்றே காலி என்று தோன்றியது. நினைத்தது.

செப்டம்பர் 8, திங்கள்

கேட்டது, கயல்விழி வழியாக: மூன்று டாக்டர்கள் சேர்ந்து அர்ச்சுனனின் நெஞ்சுப் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். காசநோய் இல்லை, கல் தூசி என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். பழைய மாத்திரையை நிறுத்தியாயிற்று. தூசி வெளியே வராது, ஆனால் வேறு மருந்து இருக்கிறதாம். பழைய மனுவையும் திரும்ப எடுக்கிறார்களாம்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. சுவரில் அம்புஜவல்லி இருந்தாள். அவளிடம் சொன்னேன்.

அக்டோபர் 2, வியாழன்

குவியல் இருந்த இடத்தில் ஜேசிபி. மாலைக்குள் தரை.

அக்டோபர் 23, வியாழன்

ராத்திரி தொடங்கிய மழை நிற்கவில்லை. ஐப்பசி தவறாமல் வந்துவிட்டது. இந்த மழைக்கு எத்தனை முறை, "எல்லாரும் கல்லு ஷெட்டுக்குப் போங்கடா, கதவச் சாத்துங்க" என்று சொல்லியிருப்பேன். பதினெட்டு ஐப்பசி. இன்றைக்கு வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தே வைத்தேன். பாய் நனைந்தது. நனையட்டும்.

கடலை வாங்கி மூன்று மாசம்.

நவம்பர் 19, புதன்

விசாரணை. காலை பதினொரு மணிக்கு லேபர் ஆபீஸில் இருக்கச் சொன்னார்கள். நான் பத்துக்கே போய்விட்டேன். சொர்ணாம்பாள் வந்து தாழ்வாரத்து பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். நடுவில் நாலு பேர் உட்காரலாம். கயல்விழி வெளியே நின்றாள். உள்ளே அவளுக்கு வேலை இல்லை என்றாள்.

நான் சொன்னதை எல்லாம் அதிகாரி கேட்டார், ஒருவர் தட்டச்சு செய்தார். மூன்று பக்கம் வந்தது. அந்த ஆள் காகிதத்தை மேசையில் போட்டு, மை டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"வைங்க பெரியவரே."

அதே மாதிரி டப்பா. அதே நீல மூடி.

"படிச்சுக் காட்டுங்க" என்றேன்.

"நீங்க சொன்னதுதான் எழுதியிருக்கு."

"சரிங்க. படிச்சுக் காட்டுங்க. முழுசா."

"பெருசு, சாப்பாட்டு நேரம் ஆவுது. நான் என்ன மாத்தியா எழுதிடப் போறேன்?"

"எனக்கு எழுத்து தெரியாதுங்க. காது நல்லா கேக்கும்" என்றேன்.

அதிகாரி தலையசைத்தார். அந்த ஆள் படித்தார், வேகமாக. கதவு திறந்திருந்தது, பெஞ்சுக்குக் கேட்கும். பதினாலு ஒன்பது இரண்டாயிரத்துப் பதினொன்று வந்தது. கார் வந்தது. நான் கேட்காமல் வைத்தது வந்தது. அப்புறம் பெயர்கள். நான் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். எட்டில் நின்றுவிட்டது.

"ஒண்ணு வரலீங்க."

"எல்லாம் இருக்கு."

"காத்தவராயன் வரல. தகப்பன் பேரு முத்தான். சேந்தது தொண்ணூத்தி ரெண்டு, ஆடிப் பதினெட்டுக்கு மறுநா. அடையாளம் மீனு."

அவர் காகிதத்தைப் பார்த்தார். திருப்பினார். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. ஒன்றும் பேசாமல் திரும்ப அடித்தார், புதிதாக எடுத்தார். நான் இன்னொரு முறை முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். படித்தார். ஒன்பது.

வைத்தேன். தழும்போடு விழுந்தது.

வெளியே வந்தேன். மழை விட்டிருந்தது. கயல்விழி ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் படியில் நின்று வேட்டியைச் சரிசெய்தேன். பின்னால் காலடி.

"மையி சட்டையில ஒட்டுது பாரு" என்றாள் சொர்ணாம்பாள்.

அண்ணே என்று சொல்லவில்லை. நிற்கவும் இல்லை, மகன் தனியாக இருக்கிறான், பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நீங்க என்றும் சொல்லவில்லை.

நேரம் பன்னிரண்டு ஐம்பது. ஆபீஸ் படி. கூட இருந்தது கயல்விழி. இது கேட்டது.